துறுதுறுப்பான மீட்பு நாய்க்குச் சரியான வீடு தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எங்க வீட்ல பெரிய தோட்டம் இருக்குங்க, நாய் நல்லா ஓடி விளையாடும்."

மீட்ட நாய்களுக்கு வீடு தேடத் தொடங்கியதிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இதிலிருந்து அந்த வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரிவதில்லை. தோட்டத்தில் தனியாக விட்ட நாய் பெரும்பாலும் ஓடாது. ஒரு சுற்று மோந்து பார்க்கும், இரண்டு மூன்று இடத்தில் காலைத் தூக்கும், அப்புறம் வாசற்கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவு திறக்காவிட்டால் குழி தோண்டும், போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரைக்கும், ஒருநாள் மதிலையும் தாண்டும்.

அதனால் ஒரு வீட்டில் எத்தனை சதுர அடி இருக்கிறது என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்றுதான் கேட்கிறேன். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

படி 1: முதலில் நாய் தூங்கட்டும்

நாய் வந்த அன்றே படம் எடுத்து "வீடு தேவை" என்று போட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும். போடாதீர்கள். தெருவிலிருந்தோ காப்பகக் கூண்டிலிருந்தோ சங்கிலியிலிருந்தோ வந்த நாய், முதல் சில நாட்களுக்குத் தன் உண்மையான குணத்தைக் காட்டாது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் 3-3-3 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பதற்றம் கொஞ்சம் அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று தோன்ற 3 மாதம். இது அறிவியல் விதி இல்லை, கைக்கணக்குதான். ஆனாலும் ஏறக்குறைய சரியாகவே வரும்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். கூண்டுக்குக் கூண்டு குரைப்பு கேட்டுக்கொண்டே இருக்கும் காப்பகத்தில் அதற்கு வழியே இல்லை. தூக்கம் கெட்ட குழந்தை சோர்ந்து படுக்காமல் வீட்டையே இரண்டாக்குமே, நாயும் அப்படித்தான். என்னிடம் ஒன்றரை வயதில் வந்த கறுப்பு நாய் ஒன்று, முதல் நான்கு நாள் சுவரில் மோதி மோதித் திரும்பியது. இதை யாரால் சமாளிக்க முடியும் என்று கலங்கிப்போனேன். ஐந்தாம் நாளிலிருந்து தூங்க ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிச் சேட்டையைக் காணோம். மீதிப் பாதிதான் அதன் உண்மையான துறுதுறுப்பு, வீடு தேட வேண்டியது அதற்குத்தான்.

இந்த இடைவெளியில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காதுப் புண், தோல் அரிப்பு, குடற்புழு, மூட்டு வலி என்று நாயை ஓரிடத்தில் உட்கார விடாத காரணங்கள் பல. வெறிநோய்த் தடுப்பூசி, மற்றத் தடுப்பூசிகள், கருத்தடை எல்லாவற்றையும் முடிந்தவரை இப்போதே முடித்துவிடுவது நல்லது. கருத்தடை செய்தால் நாய் அமைதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெண் நாய் தேடி ஊர் சுற்றுவது குறையலாம். ஆனால் பந்தைப் பார்த்ததும் வானத்துக்குக் குதிக்கும் நாய், அறுவைச் சிகிச்சைத் தையல் ஆறியதும் மறுபடியும் குதிக்கத்தான் செய்யும். தத்தெடுக்க வருபவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயதையும் கவனியுங்கள். சுமார் 6 மாதம் முதல் 18 மாதம் வரை, பெரிய இன நாய்களுக்கு இரண்டு வயது வரைகூட, விடலைப் பருவம். குட்டியாக இருந்தபோது அழகாகத் தெரிந்ததெல்லாம் இந்த வயதில் தொல்லையாகத் தெரியும். பல நாய்கள் கைவிடப்படுவதும் இப்போதுதான். வருபவரிடம் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஓரளவு உண்மைதான், ஆனால் அந்த ஒரு வருடம், ஒன்றரை வருடம் யார் வீட்டில் கழியப்போகிறது என்பதுதான் கேள்வி.

படி 2: எந்த மாதிரித் துறுதுறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். "எனர்ஜி அதிகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் சரியான வீடு கிடைக்காது. ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தது, எதைப் பார்த்துப் பரபரத்தது, எதில் தன்னை மறந்து ஆழ்ந்தது, எப்போது தூங்கியது என்று நாலு வரி எழுதினால் போதும்.

சில சின்னச் சோதனைகள் உதவும். புல்லில் கைப்பிடி உணவைத் தூவிப் பாருங்கள். தலையைத் தூக்காமல் கால் மணி நேரம் தேடினால் அது மூக்கால் வாழும் நாய். நம் மூக்கில் மோப்ப ஏற்பிகள் சில பத்து லட்சம், நாயின் மூக்கிலோ பல கோடி. பீகிள் போன்ற மோப்ப வேட்டை இனங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்கே வளர்க்கப்பட்டவை. இப்படிப்பட்ட நாய்க்கு வேகமாக நடப்பவரைவிட, ஒவ்வொரு கம்பத்திலும் நின்று காத்திருக்கும் பொறுமைசாலியே பொருத்தம்.

பந்தை உருட்டிப் பாருங்கள். துரத்திவிட்டு அங்கேயே போட்டுவிடுகிறதா, கொண்டுவந்து காலடியில் வைக்கிறதா? கொண்டுவருவது மனிதரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடித்த நாய். கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை போன்ற கண்ணால் துரத்தும் வேட்டை நாய்கள் பார்க்கப் புயல் மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் பாய்ந்து ஓடிவிட்டு, மீதி நேரமெல்லாம் சுருண்டு கிடக்கும். பார்டர் கோலி அப்படியில்லை. நாள் முழுக்க மந்தையை மேய்க்க உருவானது. ஆடு இல்லாத வீட்டில் குழந்தைகளை மேய்க்கும், சைக்கிளை மேய்க்கும். ஜாக் ரசல் டெரியர் நரி வளைக்குள் புகுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. அது பூந்தொட்டியைத் தோண்டினால் குணக்கேடு என்று சொல்ல முடியாது, குலத்தொழில். ஆனால் மீட்பு நாய்களில் பெரும்பாலானவை கலப்பினம். முகத்தைப் பார்த்து இனத்தை ஊகிப்பதைவிட உங்கள் நோட்டை நம்புங்கள்.

அடுத்து, செல்போனை வீடியோவில் வைத்துவிட்டு நாயைத் தனியே விட்டு அரை மணி நேரம் வெளியே போங்கள். பத்து நிமிடம் கழித்து மெத்தையைக் கடிக்க ஆரம்பித்தால் அலுப்பாக இருக்கலாம். கதவு சாத்திய உடனேயே எச்சில் ஒழுக நடை போட்டு, ஊளையிட்டு, கதவோரத்தையும் ஜன்னலோரத்தையும் மட்டும் பிறாண்டினால் அது பெரும்பாலும் தனிமைப் பயம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான், "சேட்டை". முதல் வகைக்குச் சுறுசுறுப்பான வீடு போதும். இரண்டாம் வகைக்கு, பகலில் ஆள் இருக்கும் வீடும், பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சியும் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால் திரும்பி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. பரபரத்த பிறகு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? மணி அடித்தது, குதித்தது, குரைத்தது. இரண்டு நிமிடத்தில் படுத்துவிட்டதா, முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? எவ்வளவு உயரம் குதிக்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை எழுதுங்கள். சீக்கிரம் இறங்கும் நாயைச் சாதாரணக் குடும்பமே வளர்த்துவிடும்.

எப்போதாவது பந்தைத் தவிர உலகில் வேறெதுவுமே இல்லை என்கிற நாய் ஒன்று வரும். தூங்கும்போதும் பந்து, மருத்துவர் மேசையிலும் பந்து. அதற்கு வீட்டைவிட வேலை பொருத்தமாக இருக்கலாம். 1995-இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு இடிபாடுகளில் தன் நாயோடு தேடுதலில் ஈடுபட்ட வில்மா மெல்வில், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பேரிடர் தேடல் நாய்களுக்கான ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். காப்பகங்களிலிருந்து எடுத்த நாய்களையே அது பயிற்றுவிக்கிறது. குடும்பங்களால் சமாளிக்க முடியாத அதே பிடிவாதம்தான் அந்த வேலைக்குத் தகுதி. உங்கள் பகுதியில் மோப்பப் பயிற்சியோ நாய் விளையாட்டுப் பயிற்சியோ தருபவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

படி 3: அனுப்புவதற்கு முன் நான்கு பழக்கங்கள்

நாயை முழுசாகப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. விரிப்பில் போய்ப் படுப்பது, ஆள் வந்தால் நான்கு காலும் தரையில் இருப்பது, கயிற்றை இழுக்காமல் பத்தடி நடப்பது, கொஞ்ச நேரம் தனியாக இருப்பது. இந்த நான்கும் அரைகுறையாக வந்தால்கூடப் போதும், நாயைப் பார்க்க வருபவரின் முகம் மாறுவதைக் காண்பீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை.

ஓட வைத்தே களைக்க வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தினமும் 5 கிலோமீட்டர் ஓடும் நாய் களைப்பது முதல் வாரத்தில்தான். மாதம் முடிவதற்குள் அதற்கு 8 கிலோமீட்டர் தேவைப்படும். விளையாட்டு வீரரைத் தயார் செய்துவிட்டு, இப்போது அவருக்குப் பொருத்தமான வீட்டைத் தேடி அலைய வேண்டியதுதான். வளர்ந்து முடியாத நாயை நெடுந்தூரம் ஓடவிட்டால் எலும்பு மூட்டுகளும் கெடும். அதே நேரத்தைத் துண்டுக்குள் சுருட்டிய உணவைத் தேட வைப்பதிலும் கடித்து மெல்ல எதையாவது கொடுப்பதிலும் செலவழித்தால் அழகாக அடங்கும்.

படி 4: அறிமுகக் குறிப்பை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

"அன்பானவன், விளையாட்டுப் பிள்ளை, அனைவருடனும் பழகுவான்." இப்படி எழுதினால் நூறு அழைப்பு வரும், தொண்ணூற்றொன்பது வீண். நம் வேலை ஆளைக் கூட்டுவது இல்லை, சலிப்பது. நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"ஒன்றரை வயது, 19 கிலோ. காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவான், உங்களையும் எழுப்புவான். காலையிலும் மாலையிலும் முக்கால் மணி நேரம் நடை வேண்டும். மோப்ப விளையாட்டு கொடுத்தால் மதியம் மூன்று மணி நேரம் தூங்குவான். விருந்தாளி வந்தால் குதிப்பான், பழக்கிக்கொண்டிருக்கிறோம். மூன்று மணி நேரம் தனியாக இருப்பான், அதற்கு மேல் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தால் துரத்துவான்."

படங்களில் ஒன்று தூங்கும் படமாக இருக்கட்டும். துள்ளும் படம் மட்டும் போட்டால் மிரண்டுபோவார்கள், தூங்கும் படம் மட்டும் போட்டால் ஏமாறுவார்கள். அரை நிமிட வீடியோ ஒன்று இருந்தால் நல்லது. "இலவசமாகத் தருகிறோம்" என்று மட்டும் எழுத வேண்டாம். மறுவிற்பனைக்கும் குட்டி போட வைப்பதற்கும் நாய்ச் சண்டைக்கும் நாய் தேடுபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறார்கள்.

படி 5: செவ்வாய்க்கிழமைக் கேள்வி

போனில் பேசும்போது "நாய்க்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் நல்ல பதிலையே சொல்வார்கள். "போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று ஆரம்பித்து இரவு வரை கேட்பேன். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் பலிக்காது, எல்லார் வீட்டு ஞாயிறும் நாய்க்கு ஏற்றதாகத்தான் இருக்கும். "ஏழரைக்கு அடித்துப் பிடித்து எழுந்து எட்டுக்கு ஓடிவிட்டேன், வர இரவு எட்டு" என்றால், நாளை முதல் ஐந்தரைக்கு எழுவேன் என்று அவர் சொல்வதை நம்பி நாயைத் தர மாட்டேன். நாய்க்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வேன் என்பவரைவிட, ஏற்கெனவே அப்படி வாழ்பவரைத் தேடுங்கள்.

சில முன்முடிவுகளை நானும் கைவிட வேண்டியிருந்தது. மாரத்தான் ஓடுபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொன்ன காலம் உண்டு. பந்தயம் முடிந்த வாரம் அவர் ஓய்வெடுப்பார், நாய் எடுக்காது. அடுக்குமாடி என்றதும் மறுத்த காலமும் உண்டு. ஆனால் அடுக்குமாடியில் இருப்பவர் நாயை வெளியே கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும், தோட்டக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், நாள் முழுக்க வீடியோ அழைப்பில் இருப்பவருக்குக் குரைக்கும் நாய் பெரிய தலைவலி. ஓய்வு பெற்று, காலையும் மாலையும் கடிகாரம் மாதிரி நடக்கப் போகும் தம்பதிக்கு நல்ல துறுதுறு நாய் ஒன்று அருமையாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைக் கயிற்றோடு இழுத்துத் தள்ளும் எடையில் அது இருக்கக் கூடாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில், குதிக்கும் பெரிய நாய் பாசத்தாலேயே குழந்தையைக் கீழே தள்ளிவிடும். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், அறையைப் பிரிக்கும் தடுப்பும், எப்போதும் கண்காணிக்க ஒரு பெரியவரும் இல்லாவிட்டால் வேண்டாம்.

மற்றக் கேள்விகளைச் சட்டென்று கேட்டு முடித்துவிடலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? வீட்டில் உள்ள எல்லோருக்கும் நாய் வேண்டுமா, இல்லை ஒருவருக்கு மட்டுமா? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? முன்பு நாய் வளர்த்திருந்தால் அதற்கு என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

படி 6: நேரில் பார்ப்பது

ஒரு சந்திப்பு போதாது, இரண்டு வேண்டும். முதல் சந்திப்பில் நாய் தன் மோசமான பக்கத்தையும் காட்டட்டும், நன்றாகக் களைக்க வைத்துக் கூட்டிப்போய் ஏமாற்ற வேண்டாம். கயிற்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள். நாய் இழுக்கும்போது அவர் சிரிக்கிறாரா, வெடுக்கென்று சுண்டுகிறாரா, உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரா? அரை மணி நேரப் பேச்சில் தெரியாதது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அவர்கள் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், முதல் அறிமுகத்தை அவர்கள் வீட்டிலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். பொதுவான இடத்தில், இரண்டையும் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள், கயிறு தளர்வாக இருக்கட்டும். கால் மணி நேரத்தில் இடைவெளி தானாகக் குறைந்தால் நல்லது. பூனை இருந்தால் நாயின் பார்வையைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் நாயைப் பழக்கலாம். உடல் விறைத்து, கண் இமைக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத நாயை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது சந்திப்பு அவர்கள் வீட்டில். அலமாரியின் அழகைப் பார்க்கவா போகிறோம்? மதில் எவ்வளவு உயரம், கதவுக்கு அடியில் எவ்வளவு சந்து, மதிலை ஒட்டி ஏறுவதற்குத் தோதாக ஏதாவது சாய்த்து வைத்திருக்கிறார்களா, மாடி ஜன்னலுக்குக் கம்பி உண்டா? குதிக்கும் நாய்க்கு 6 அடி மதில்கூடச் சில சமயம் போதாது. தெருக்கதவு நேராக வீட்டுக்குள் திறந்தால், நடுவே ஒரு தடுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

படி 7: சோதனைக் காலமும் காகிதமும்

நேரடியாகத் தத்து என்று எழுதாமல் முதலில் இரண்டு வாரம் சோதனையாக அனுப்புங்கள். இல்லாவிட்டால், "சரிவரவில்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டு, மாதக்கணக்கில் நாயைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். அதில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி: எப்போது, எந்தக் காரணத்துக்காக வளர்க்க முடியாமல் போனாலும் நாய் உங்களிடம்தான் திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, உங்கள் நோட்டின் சுருக்கம் எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். தோலுக்கு அடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு போட்டிருந்தால் பதிவைப் புதியவர் பெயருக்கு மாற்ற மறக்காதீர்கள். அரிசி அளவுள்ள அந்தச் சில்லில் இருப்பது பெரும்பாலும் 15 இலக்க எண் மட்டும்தான், அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. எண்ணைத் தேடினால் பழைய ஆளின் தொலைபேசி எண் வந்தால் என்ன பயன்?

படி 8: ஒப்படைக்கும் நாளும் அதற்குப் பிறகும்

வாரக் கடைசியில் விருந்தாளிகள் இல்லாத நாளாகப் பார்த்து, காலையில் ஒப்படையுங்கள். நாய் படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். உணவை உடனே மாற்ற வேண்டாம், மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள்.

புதுவீட்டு நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். காரிலிருந்து இறங்கும் கணத்திலும், யாரோ வாசற்கதவைத் திறக்கும் கணத்திலும் கவனம் தேவை. கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் இன்னொரு கயிறு என்று இரண்டு மாட்டச் சொல்லுங்கள். வேலியில்லாத இடத்தில் சில மாதங்களுக்காவது அவிழ்த்துவிடக் கூடாது. முதல் வாரம் கடற்கரை, பூங்கா, உறவினர் வீடு எதுவும் வேண்டாம். துறுதுறு நாய்தானே, ஊரெல்லாம் சுற்றிக்காட்டலாம் என்று புதியவர்கள் ஆசைப்படுவார்கள், அதைத் தடுப்பது உங்கள் வேலை.

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று போன் செய்யுங்கள். "எப்படி இருக்கிறான்?" என்றால் "நல்லா இருக்கான்" என்றுதான் பதில் வரும். எங்கே தூங்குகிறான், நேற்று எதைக் கடித்தான், பக்கத்து வீட்டார் ஏதாவது சொன்னார்களா என்று கேளுங்கள். மூன்றாம் வாரம் பெரும்பாலும் கடினமான வாரம். நாய்க்குத் தைரியம் வந்திருக்கும், மனிதருக்குப் புதுமை தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு பயிற்சியாளரின் எண்ணைக் கொடுப்பதும், சனிக்கிழமை ஒருநாள் நீங்களே போய் நாயை நடக்கக் கூட்டிப்போவதும் ஒரு தத்தைக் காப்பாற்றிவிடலாம்.

அப்படியும் திரும்பி வந்தால், கொண்டுவந்தவரைத் திட்டாதீர்கள். தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். உங்கள் வீட்டில் நாய் ஒருபோதும் காட்டாத எதையோ அவர் பார்த்திருப்பார். லிஃப்டில் மிரண்டதா, இரவில் நடமாடியதா, ஆறு மணி நேரம் தனியாக இருந்ததா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் கறுப்பு நாயும் ஒருமுறை திரும்பி வந்தது. "அதற்கு மேல் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை" என்று குறிப்பில் இருந்த வரியை அடித்துவிட்டு, "ஐந்து மணி நேரம் தனியாக இருப்பான், ஆனால் மின்விசிறிச் சத்தம் வேண்டும்" என்று எழுதினேன். நான்கு நாள் அதைத் தூங்கவிட்டு, ஐந்தாம் நாள் மறுபடி போனை எடுத்தேன்.